கொடைக்கானல்னு பாஸ்வேர்ட் வெச்சா உள்ளே விடுமா?

இந்த எபிசோடில் ஒரே ஒரு வரியைப் பத்திதான் பேசப்போறோம். டெர்மினலில் 'பாஸ்வேர்ட்'னு ஒரு சொல், பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் வெறும் இருட்டு. நீங்க தட்டுறீங்க, ஒண்ணும் நகரலை. நட்சத்திரக் குறிகூட வரலை. கீபோர்டு செத்துப்போச்சோன்னு சந்தேகமே வந்துடும். கமாண்ட் லைன் கத்துக்கிற எல்லாருக்கும் முதல் வாரத்தில் வர்ற பயம் இது.

இந்த எபிசோடைப் பழனி மலையில், கொடைக்கானலில் இருந்து பதிவு பண்றேன். வட்டக்கானல் பக்கம் அறை எடுத்துத் தங்கி, லேப்டாப்பைத் திறந்து வெச்சு வேலை பார்க்கிறவங்க நம்ம கேட்பவர்களிலேயே நிறையப் பேர் இருக்கீங்க. கையில் இருக்கிறது மேக், ஆபீஸ் கொடுத்தது விண்டோஸ், எங்கேயோ ஓடுற சர்வர் லினக்ஸ். மூணுமே உங்ககிட்ட பாஸ்வேர்ட் கேட்கும். கேட்கிற விதம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே நடக்கிறது வேற வேற. அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு சோதனை வெச்சிருக்கேன். இரண்டே சொற்கள்: 'பழனி', 'கொடைக்கானல்'. இரண்டையும் தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டா வெச்சா என்ன ஆகும்?

எக்கோ பாயின்ட்டில் கத்தினால்

முதலில் அந்த இருட்டு எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

வட்டக்கானலில் இருந்து டால்பின்ஸ் நோஸ் போற வழியில் எக்கோ பாயின்ட் இருக்கு. அங்கே நின்னு கத்தினா எதிர்மலை உங்க குரலைத் திருப்பித் தரும். டெர்மினலும் அப்படித்தான். நீங்க ஒரு விசையைத் தட்டினதும் அந்த எழுத்து நேரா திரைக்குப் போறதில்லை. கணினிக்குப் போகுது, கணினி அதைத் திருப்பி அனுப்புது, அப்புறம்தான் திரையில் தெரியுது. இதுக்கு அதிகாரப்பூர்வமான பெயரே எக்கோதான்.

1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகிட்டாங்க. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தாங்க. அந்தக் காலத்து முனையங்கள் பலதிலும் திரையே கிடையாது. டைப்ரைட்டர் மாதிரி தாளில்தான் அச்சாகும். பாஸ்வேர்டும் தாளில் அச்சானா, அந்தத் தாளைக் குப்பைத்தொட்டியில் இருந்து எடுக்கிறவனுக்கு உங்க கணக்கே கிடைச்சிடும். அதனால் பாஸ்வேர்ட் கேட்கும்போது மட்டும் மலையைப் பார்த்து 'கொஞ்ச நேரம் பேசாதே'ன்னு சொல்லணும். எக்கோவை அணைக்கிறதுங்கிறது அவ்வளவுதான்.

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இதுக்குன்னே 'கெட்பாஸ்'னு ஒரு செயல்கூறு இருந்தது. எக்கோவை அணைக்கும், ஒரு வரி வாங்கும், எக்கோவைத் திரும்பப் போடும். அது தந்த பாஸ்வேர்டின் நீளம் அதிகபட்சம் 8 எழுத்து. இந்த எட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கு.

மூணு வீடு, மூணு பூட்டு

லினக்ஸ், மேக் இரண்டும் யூனிக்ஸ் வழியில் வந்தவை. அங்கே டெர்மினலுக்குன்னு ஒரு அமைப்புப் பட்டியல் இருக்கு. நிரல் அதை முதலில் படிச்சு வெச்சுக்கும், எக்கோ சுவிட்சை மட்டும் அணைக்கும், நீங்க என்டர் தட்டினதும் பழைய பட்டியலை அப்படியே திரும்பப் போடும்.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. முதலாவது, நல்ல நிரல் பாஸ்வேர்டை வழக்கமான உள்ளீட்டில் இருந்து வாங்காது. 'டெவ் டிடிஒய்' என்கிற சிறப்புக் கோப்பைத் திறந்து, டெர்மினலிலேயே நேரடியாகக் கேட்கும். ஏன்னா வழக்கமான உள்ளீட்டில் ஏற்கெனவே வேற கோப்பு பைப் வழியாக வந்துகிட்டு இருக்கலாம். அப்போ அந்தக் கோப்பின் முதல் வரியைப் பாஸ்வேர்டுன்னு எடுத்துக்கிட்டா எல்லாம் குழம்பிடும். இரண்டாவது, நடுவில் நீங்க கன்ட்ரோல்-சி அடிச்சு வெளியே வந்தா, வெளியேறும்முன் எக்கோவைத் திரும்பப் போட்டுட்டுத்தான் நிரல் சாகணும். அது மறந்துட்டா அதுக்கப்புறம் நீங்க அடிக்கிற எந்தக் கமாண்டும் திரையில் தெரியாமப் போகலாம். அப்படி மாட்டினா பதறாதீங்க. கண்ணுக்குத் தெரியாட்டியும் 'எஸ்டிடிஒய் சேன்'னு இங்கிலீஷில் அடிச்சு என்டர் தட்டுங்க. மலைக்குக் குரல் திரும்பிடும்.

விண்டோஸில் டெவ் டிடிஒய் கிடையாது. அங்கே கன்சோல்னு தனி உலகம். அதோட முறையை மாத்தி எக்கோவை அணைக்கலாம். இல்லேன்னா ஒவ்வொரு விசையா எக்கோ இல்லாம நேரடியாகப் படிக்கலாம். பைத்தானின் கெட்பாஸ் விண்டோஸில் இந்த இரண்டாவது வழியில்தான் போகுது. இதில் ஒரு சிக்கல் இருக்கு. விசை விசையாகப் படிச்சா, பேக்ஸ்பேஸ் அடிச்சா என்ன செய்யணும்ங்கிறதையும் நிரல் எழுதுறவரேதான் சொல்லிக்கொடுக்கணும். யூனிக்ஸில் அந்த வேலையை டெர்மினல் பார்த்துக்கும்.

விண்டோஸிலேயே கிட் பேஷ் சாளரம் பயன்படுத்துறவங்களுக்கு இன்னொரு தலைவலி. வழக்கமா அதோட வர்ற மின்டிடிஒய் சாளரம் உண்மையான விண்டோஸ் கன்சோல் இல்லை. உள்ளே ஓடுற விண்டோஸ் நிரலுக்கு அது வெறும் பைப் மாதிரிதான் தெரியும். அதனால் பாஸ்வேர்ட் கேட்கிற இடத்தில் நிரல் அப்படியே உறைஞ்சு நிக்கும். 'வின்பிடிஒய்'னு முன்னாடி சேர்த்து ஓட்டினா வேலை செய்யும்னு பலருக்கும் தெரியும். ஏன்னு கேட்டா இதுதான் காரணம். 2018-இல் விண்டோஸ் 10-க்குள்ளேயே கான்பிடிஒய் என்கிற வசதி வந்த பிறகு புது டெர்மினல்களில் இந்தத் தொல்லை குறைஞ்சிருக்கு.

இப்போ சோதனை

'பழனி' எளிது. யூனிகோடில் ப, ழ, ன, இகரக் குறி. மொத்தம் நாலு குறியீடு. எந்தக் கீபோர்டில் அடிச்சாலும் அதே நாலுதான் வரணும்.

'கொடைக்கானல்' அப்படி இல்லை. முதல் எழுத்திலேயே வில்லங்கம். 'கொ'வில் இருக்கிற ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒண்ணு, ஒகரத்துக்குன்னே இருக்கிற ஒற்றைக் குறியீடு. இன்னொண்ணு, கொம்பு தனியா, கால் தனியா, இரண்டு குறியீடு. திரையில் இரண்டும் ஒரே 'கொ'தான். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சமம்னு யூனிகோட் தரமே சொல்லுது. ஆனா நினைவகத்தில் முதல் விதத்தில் 'கொடைக்கானல்' 11 குறியீடு, யூடிஎஃப்-8 கணக்கில் 33 பைட். இரண்டாவது விதத்தில் 12 குறியீடு, 36 பைட்.

பாஸ்வேர்டைச் சேமிக்கும்போது ஹாஷ் பண்ணித்தான் வெப்பாங்க. ஹாஷுக்குத் தமிழ் தெரியாது, பைட்தான் தெரியும். ஒரு பைட் மாறினாலும் விடை மொத்தமா வேற. ஆபீஸ் கணினியில் ஒரு தட்டச்சு மென்பொருளில் அடிச்சு பாஸ்வேர்ட் வெச்சீங்க, மலைக்கு வந்து வேற லேப்டாப்பில் வேற கீபோர்டில் அதே சொல்லை அடிக்கிறீங்க. முதல் மென்பொருள் ஒற்றைக் குறியீடாகவும் இரண்டாவது கொம்பும் காலுமாகவும் அனுப்பினா, கதவு திறக்காது. நீங்க அடிச்சது சரி. கை சரி, ஞாபகம் சரி. ஆனாலும் தப்புன்னு சொல்லும். திரையில் ஒண்ணும் தெரியாததால் எங்கே தப்புன்னு பார்க்கவும் வழியில்லை.

இதுக்கு மருந்து உண்டு. 'நார்மலைசேஷன்'னு பேர். ஒரே எழுத்தை எப்படி அடிச்சிருந்தாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர்றது. பைத்தானில் அது ஒரே வரி. பாஸ்வேர்டைப் பதியும்போதும் செய்யணும், சரிபார்க்கும்போதும் செய்யணும், அவ்வளவுதான். இது புதுசும் இல்லை. எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழையும் முறையை விவரிக்கிற ஆர்.எஃப்.சி. 4252 என்கிற ஆவணம் 2006-இல் வந்தது. பயனர் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருந்து அடிச்சாலும் பாஸ்வேர்ட் வேலை செய்யணும், அதுக்கு நார்மலைசேஷன் தேவைன்னு அதிலேயே எழுதியிருக்கு. 2017-இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் யூனிகோட் பாஸ்வேர்டுக்கு இதையே பரிந்துரைக்குது. சொல்லி இவ்வளவு வருஷம் ஆகியும், ஒரு நிரல் இதைச் செய்யுதான்னு சோதிச்சுப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கு.

இந்த மருந்துக்கும் அடங்காத கேஸ் ஒண்ணு உண்டு. 'பௌர்ணமி'ன்னு அடிக்கும்போது பலர் ஔகாரக் குறிக்குப் பதிலா கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து அடிப்பாங்க. கண்ணுக்கு ஒண்ணுதான். ஆனா யூனிகோட் கணக்கில் அவை வேற வேற சொல். நார்மலைசேஷன் அதை ஒண்ணாக்காது. அதனால் ஔகாரம் வர்ற சொல்லைப் பாஸ்வேர்டுக்குத் தேர்ந்தெடுக்காதீங்க.

கொசுவும் கதவைத் திறக்கும்

இதுவரைக்கும் சரியான ஆளை வெளியே நிறுத்துற கோளாறு. தப்பான ஆளை உள்ளே விடுற கோளாறும் இருக்கு.

அந்த எட்டை எடுங்க. பழைய யூனிக்ஸின் கிரிப்ட் முறை பாஸ்வேர்டின் முதல் 8 பைட்டை மட்டும்தான் பார்க்கும். இங்கிலீஷுக்கு அது எட்டு எழுத்து. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். க-வுக்கு மூணு, ஒகரக் குறிக்கு மூணு, மீதி இரண்டு. அடுத்து வர்ற ட-வின் மூணு பைட்டில் முதல் இரண்டுதான் கணக்கில் வரும். தமிழின் எல்லா மெய்களுக்கும் அந்த முதல் இரண்டு பைட் ஒண்ணுதான். ஆக, 'கொடைக்கானல்'னு பூட்டினா 'கொசு'ன்னு அடிச்சாலும் திறக்கும். 'கொக்கு', 'கொடி' எல்லாத்துக்கும் திறக்கும்.

இன்னிக்கு லினக்ஸ் அந்தப் பழைய முறையில் இல்லை. ஆனா பைட் எல்லை முழுசா ஒழியலை. இன்னிக்கும் பரவலா இருக்கிற பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தமிழில் அது 24 குறியீடு. நீளமான வாக்கியத்தைப் பாஸ்வேர்டா வைக்கிறது நல்ல பழக்கம்தான். ஆனா தமிழ் வாக்கியத்தில் இரண்டு மூணு சொல்லுக்கு மேல் போனா மீதியை அது கண்டுக்காது.

விண்டோஸில் இதுக்கு ஒரு தம்பி இருக்கு. பழைய பாணியில் எழுதின நிரல், கோட் பேஜ் 437 என்கிற பழைய எழுத்துப் பட்டியல் வழியாகப் படிச்சா, அந்தப் பட்டியலில் தமிழே இல்லை. இல்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிடலாம். 'பழனி' நாலு கேள்விக்குறி. 'தேனி'யும் நாலு கேள்விக்குறி. பழனிக்குப் போட்ட பூட்டு தேனிக்கும் திறக்கும். திரையில் தெரிஞ்சிருந்தா கேள்விக்குறியைப் பார்த்ததும் புரிஞ்சிருக்கும். தெரியாததுதான் ஆபத்து.

அழிச்சது அழிஞ்சுதா?

பேக்ஸ்பேஸுக்கு வருவோம். 'கொ'ன்னு அடிச்சிட்டு ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினா நம்ம மனசில் முழு எழுத்தும் போயாச்சு. டெர்மினலில் பெரும்பாலும் ஒகரக் குறி மட்டும் போகும், க அங்கேயே உட்கார்ந்திருக்கும். டெர்மினலின் யூடிஎஃப்-8 சுவிட்ச் போடாம இருந்தா இன்னும் மோசம், ஒரு பைட் மட்டும் போகும். மிச்சம் இருக்கிறது எந்த மொழியிலும் எழுத்தே இல்லை.

அதனால் பாஸ்வேர்டில் தடுமாறினா ஒவ்வொண்ணா அழிக்காதீங்க. லினக்ஸ், மேக் டெர்மினலில் கன்ட்ரோல்-யூ அடிச்சா வரி முழுக்கப் போயிடும். விண்டோஸில் அதை நம்பாதீங்க, சில நிரல்கள் அதையும் ஒரு எழுத்தா எடுத்துக்கும். என்டர் தட்டி, தப்புன்னு சொல்லவிட்டு, முதலில் இருந்து அடிங்க.

தமிழ்99 பயன்படுத்துறவங்களுக்கு இன்னொண்ணு. ஒரு வரி தமிழில் தட்டிட்டு சூடோ கமாண்டுக்கு வர்றீங்க. கீபோர்டு இன்னும் தமிழில் இருக்கு. உங்க இங்கிலீஷ் பாஸ்வேர்ட் தமிழ் எழுத்தா உள்ளே போகுது, நீங்க பார்க்க முடியலை. மூணு தடவை தப்பானதும் சூடோ கதவைச் சாத்திடும். பாஸ்வேர்ட் அடிக்கும்முன் மேல்பட்டையில் எந்த மொழின்னு ஒருமுறை பார்க்கிறது அரை நொடி வேலை.

அப்போ நட்சத்திரமாவது காட்டலாமேன்னு கேட்பீங்க. காட்டலாம். சூடோவில் அதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. லினக்ஸ் மின்ட் அதை முன்கூட்டியே போட்டே தருது. ஆனா அந்த நட்சத்திரம் காட்டுற பகுதியிலேயே நினைவகம் நிரம்பி வழியும் ஓட்டை ஒண்ணு இருந்து, 2020 தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்து சரிசெய்தாங்க. அதுக்காக நட்சத்திரமே கூடாதுன்னு இல்லை. பாஸ்வேர்ட் வாங்குற இடத்தில் சேர்க்கிற ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோட பார்க்கணும். முடிஞ்சவரை சொந்தமா எழுதாம, பலர் பார்த்துப் பழகின நூலகத்தைப் பயன்படுத்தணும்.

ஆளே இல்லாத நேரம்

கேட்கிறதுக்கு ஆளே இல்லாத சமயமும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தானா ஓடுற பேக்கப் ஸ்கிரிப்ட், பாஸ்வேர்ட் கேட்டு நின்னுட்டா, காலையில் நீங்க எழுந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே நிக்கும். எதிரே டெர்மினல் இருக்கான்னு நிரல் முதலில் பார்க்கணும். இல்லேன்னா உடனே, காரணத்தைச் சொல்லி, தோற்கணும். காத்துக்கிட்டு நிக்கிறதைவிட உடனே தோற்கிறது மேல்.

அதுக்காகப் பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலேயே எழுதிடாதீங்க. எழுதினா கமாண்ட் வரலாற்றில் பதிஞ்சிடும். அதே சர்வரில் இருக்கிற இன்னொருத்தர், ஓடுற நிரல்களின் பட்டியலைக் கேட்டா அதிலும் பெரும்பாலும் தெரியும். மேக்கில் கீசெயின் இருக்கு, விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர் இருக்கு, லினக்ஸில் சீக்ரெட் சர்வீஸ் இருக்கு. கிட் மாதிரியான கருவிகள் மூணிடமும் பேசத் தெரிஞ்சவை. சர்வருக்கு எஸ்.எஸ்.எச். சாவி போதும்.

யார் தப்பு?

இதெல்லாம் ஏன் முக்கியம்? பாஸ்வேர்ட் கேட்கிற இடத்தில் கணினி உங்க கண்ணைக் கட்டிடுது. கண்ணைக் கட்டினவங்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். ஆனா நடக்கிறது தலைகீழ். உள்ளே விடலைன்னா யாரும் நிரலைச் சந்தேகப்படுறதில்லை. 'நான்தான் தப்பா அடிச்சிட்டேன்'னு அம்மா சொல்லுவாங்க, அப்பா சொல்லுவாங்க, முதல் வருஷம் படிக்கிற தம்பி சொல்லுவான்.

'ஒரு பெரிய எழுத்தாவது இருக்கணும்'னு பல இடத்தில் விதி போட்டிருக்காங்க. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு எதுவும் கிடையாது. அந்த ஒரு விதியிலேயே முழுத் தமிழ்ப் பாஸ்வேர்ட் வெளியே போயிடுது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. சோதிக்கும்போது தமிழில் ஒரு சொல்லை அடிச்சுப் பார்க்கணும்னு யாருக்கும் தோணலை, அவ்வளவுதான்.

பயனரா இருக்கிறவங்களுக்கு நேர்மையான பதில்: கணினியைத் திறக்கிற பாஸ்வேர்டையும், டிஸ்க்கைத் திறக்கிற பாஸ்வேர்டையும் இன்னிக்கு இங்கிலீஷ் எழுத்திலேயே வெச்சுக்கோங்க. கணினி எழும்போது டிஸ்க் பாஸ்வேர்ட் கேட்கிற அந்த நேரத்தில் தமிழ்க் கீபோர்டு இன்னும் எழுந்திருக்காது. தமிழ்ச் சொல்தான் ஞாபகத்தில் நிக்கும்னா, நாலைந்து சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் கோர்த்து நீளமா வைங்க.

நிரல் எழுதுறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்க கருவியில் 'கொடைக்கானல்'னு ஒரு பாஸ்வேர்ட் வைங்க, ஒகரத்தை ஒற்றைக் குறியீடா. அப்புறம் கொம்பும் காலுமா அதையே அடிங்க. திறக்கணும். 'கொசு'ன்னு அடிங்க. திறக்கக் கூடாது. நடுவில் கன்ட்ரோல்-சி அடிங்க. எக்கோ திரும்பி வரணும். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணிலும் ஒருமுறை, கிட் பேஷில் ஒருமுறை. மொத்தமா அரை மணி நேரம்கூட ஆகாது. எந்தச் சோதனையில் எது விழுந்ததுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் ஒவ்வொண்ணா எடுத்துப் பேசலாம்.